டென்னிஸ் ஆடுகளத்தில் ஆங்கிலம்: விளையாட்டு மாணவர்க்கான மொழிப்பயிற்சியும் தமிழ் இலக்கணத் துணையும்

முன்னுரை

விளையாட்டுத் தகுதியின் அடிப்படையில் கல்லூரிக்குள் வரும் மாணவர் பலர் தமிழ்வழியில் பயின்றவர்கள். காலையும் மாலையும் களப்பயிற்சி, இடையிடையே மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கான பயணம் எனக் கழியும் அவர்தம் நாள்களில் பொது ஆங்கில வகுப்பே முதலில் கைவிடப்படுகிறது. களத்தில் முன்னணியில் நிற்பவர் வகுப்பறையின் கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருப்பதை உடற்கல்வி ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருங்கே அறிவர். ஆயினும் இம்மாணவர்க்கு ஆங்கிலம் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. நடுவரிடம் ஐயம் கேட்கவும், காயம் பட்ட இடத்தை மருத்துவரிடம் சொல்லவும், பிற மாநில வீரரோடு உரையாடவும், பின்னாளில் பயிற்றுநர் சான்றிதழுக்கான தேர்வை எழுதவும் அது வேண்டப்படுகிறது.

இத்தகைய கற்போர்க்கெனக் ‘குறிப்பிட்ட நோக்கத்திற்கான ஆங்கிலம்’ என்னும் கல்விப்புலம் வளர்ந்துள்ளது. 1987இல் வெளிவந்த தம் நூலில் ஹட்சின்சன், வாட்டர்ஸ் இருவரும் இதனைத் தனியொரு வகை ஆங்கிலமாகக் கொள்ளாமல், கற்போர் ஏன் கற்கிறார் என்னும் வினாவிலிருந்து தொடங்கும் ஓர் அணுகுமுறையாகவே கொண்டனர். நடைமுறையிலோ இவ்வணுகுமுறை பெரும்பாலும் சொற்பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. ஒருபுறம் ஆங்கிலக் கலைச்சொல், மறுபுறம் தமிழ்ப்பொருள் எனப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பதே விளையாட்டு ஆங்கிலம் எனக் கருதப்படுகிறது. டென்னிஸ் ஆட்டத்தின் மொழிப்பயன் கலைச்சொற்களில் இல்லை. பேசினாலன்றி ஆட முடியாத நிலையை அதன் விதிகளே உண்டாக்குகின்றன; அப்பயன் அங்கேயே உள்ளது. அவ்வாறு பேசுங்கால் தமிழ் மாணவர் எங்கு இடறுவார் என்பதைத் தமிழ் இலக்கணமே முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் பணியாகும்.

சொல்லும் செயலும்

தொலைக்காட்சியில் காணும் டென்னிஸில் உயர்ந்த நாற்காலியில் நடுவர் அமர்ந்து புள்ளிகளை அறிவிக்கிறார். 2025 முதல் விம்பிள்டனில் கோட்டு நடுவர்களின் இடத்தை மின்னணுக் கருவி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் கல்லூரி, மாவட்ட அளவில் ஆடப்படும் ஆட்டங்களில் இவ்விரண்டும் இருப்பது அரிது. நாற்காலி நடுவர் இல்லாத ஆட்டத்திற்கென உலக டென்னிஸ் கூட்டமைப்பு வகுத்துள்ள நடைமுறை மொழிக்கல்வி நோக்கில் ஊன்றிக் காணத்தக்கது. வலைக்குத் தன் பக்கம் விழும் பந்து உள்ளா, வெளியா என்பதை அப்பக்கத்து ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். பந்து எழும்பியவுடன் சொல்ல வேண்டும். எதிராளியின் காதில் விழுமாறு உரக்கச் சொல்ல வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிராளிக்கே உரியது. ஒவ்வொரு முதல் சர்வீசுக்கும் முன்னர் சர்வீஸ் செய்பவர் அதுவரையான புள்ளிநிலையை உரக்க அறிவிக்க வேண்டும்.

ஒரு ‘கேம்’ முடியக் குறைந்தது நான்கு புள்ளிகள் ஆடப்பட வேண்டும். ஆகவே ஆறு கேம் கொண்ட எளிய ஒரு ‘செட்’டில்கூட ஒரு மாணவர் ஆங்கிலத்தில் பலமுறை வாய்திறந்தே ஆக வேண்டியுள்ளது. வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் பேசாத மாணவருக்கு இது சிறிய வாய்ப்பன்று. அவர் சொல்லும் சொல்லுக்கு விளைவும் உண்டு. ‘அவுட்’ என்று உரிய நேரத்தில் சொல்லாதவர் புள்ளியை இழக்கிறார். தவறாகச் சொன்னவர் அதைத் திருத்த வேண்டியவராகிறார். ஆங்கிலேய மெய்யியலறிஞர் ஆஸ்டின், 1962இல் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில், சொல்லே செயலாகும் கூற்றுகளை வகைப்படுத்தும்போது நடுவரின் தீர்ப்புரையைத் தனி வகையில் அடக்கினார். நடுவரற்ற டென்னிஸில் அத்தீர்ப்புரை மாணவரின் வாய்க்கே வந்துவிடுகிறது.

‘அவுட்’ என்பதற்கு இணையாக ‘இன்’ என்று உரக்க அறிவிக்கும் வழக்கம் இல்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. பந்து உள்ளே விழுந்தால் எதுவும் சொல்லப்படுவதில்லை, ஆட்டம் தொடர்கிறது. அதாவது மௌனம் ‘உள்’ எனப் பொருள்படுகிறது. ஆங்கிலச் சொல் நாவில் வராமையால் மௌனம் காக்கும் மாணவர், தாம் அறியாமலே எதிராளியின் பந்தை ஏற்றுக்கொண்டவராகிறார். வகுப்பறையில் மௌனத்திற்கு இத்தகைய விலை இல்லை.

சொல் ஆட்டத்தின் நிபந்தனையாவது தமிழ் மாணவருக்குப் புதிதன்று. கபடியில் எதிரணிப் பகுதிக்குள் செல்பவர் மூச்சு விடாமல் ‘கபடி’ என்று தெளிவாகப் பாடிக்கொண்டே செல்ல வேண்டும். பாட்டு அறுந்தால் அவர் வாய்ப்பை இழப்பார். உடல் எவ்வளவு விரைவாக இயங்கினாலும் சொல் நின்றால் ஆட்டம் நின்றுவிடும் என்பதைச் சிற்றூர்த் திடலிலேயே கற்றவர் அவர். டென்னிஸ் வழி ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தொடங்க வேண்டிய இடம் இந்தப் பட்டறிவே ஆகும்.

புள்ளி அறிவிப்பில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது ஒலி பற்றியது. 15, 30, 40 என்னும் மூன்று எண்களே அறிவிப்பில் வருவன. ஆங்கிலத்தில் ‘தர்ட்டி’க்கும் ‘தர்ட்டீன்’ என்பதற்கும், ‘ஃபார்ட்டி’க்கும் ‘ஃபோர்ட்டீன்’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் அழுத்தம் விழும் அசையால் உணரப்படுகிறது. அழுத்தத்தால் சொற்பொருள் வேறுபடும் முறை தமிழில் இல்லாமையால், அசைகளைச் சமமாக ஒலிக்கும் மாணவரின் ‘ஃபிஃப்டீன்’ எதிராளிக்கு ‘ஃபிஃப்டி’ எனக் கேட்டல் கூடும். டென்னிஸில் 50 என்னும் புள்ளி இல்லாமையால் இங்குப் பிழை கேடின்றிக் கழிகிறது. பயண நேரம், அறை எண், கட்டணம் ஆகியவற்றைச் சொல்லும்போது கழியாது. ஆகவே கேடற்ற இடத்திலேயே திருத்திவிடுவது நன்று. இரண்டாவது, வரிசை பற்றியது. சர்வீஸ் செய்பவரின் புள்ளியே முதலில் சொல்லப்படும். ‘ஃபிஃப்டீன் லவ்’, ‘லவ் ஃபிஃப்டீன்’ இரண்டும் எதிரெதிர் நிலைகள். வேற்றுமை உருபுகள் இடமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் மொழியில் பழகிய மாணவருக்குச் சொல்வரிசையே பொருளாகும் மொழியை உணர்த்த இதைவிட எளிய எடுத்துக்காட்டு அரிது.

புள்ளிநிலையில் கருத்து வேறுபாடு எழுந்தால் இருவரும் அமைதியாகப் பேசி, ஒத்துக்கொண்ட புள்ளிகளை நிலைநிறுத்தி, ஒவ்வாதவற்றை மட்டும் மீண்டும் ஆட வேண்டும் என்பது அந்நடைமுறையின் இன்னொரு கூறு. இது இறந்தகால வினைக்கான இயல்பான பயிற்சிக்களம். முதற்புள்ளியில் பந்தை வலையில் அடித்தது யார், இரண்டாம் புள்ளியில் இரட்டைப் பிழை செய்தது யார், அதன்பின் யார் வென்றார் என நிகழ்ந்தவற்றை வரிசையாக எடுத்துரைத்தாலன்றிப் புள்ளி நிலைக்காது. ‘நேற்று நீ செய்தவற்றை எழுதுக’ என்னும் வகுப்பறைப் பயிற்சியில் மாணவர் எதை எழுதினாலும் இழப்பில்லை. இங்கோ எதிரில் நிற்பவர் மறுத்துரைக்கக் காத்திருக்கிறார்.

பெயராய் வந்த சொற்கள்

தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பாகுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. போட்டியின் அமைப்பைக் குறிக்கும் சொற்கள் தமிழில் வேரூன்றிவிட்டன: ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், தரவரிசை, கால் இறுதி, அரையிறுதி. ஆடுகளத்திற்குள் நிகழ்வன ஆங்கிலச் சொற்களாகவே நிற்கின்றன: சர்வீஸ், கேம், செட், டைபிரேக்கர், டியூஸ். ‘நேர் செட் கணக்கில்’ என்னும் தொடரில் இவ்விரண்டும் கைகோத்து நிற்கின்றன. எனவே மாணவர் டென்னிஸ் ஆங்கிலத்தை வெறுங்கையோடு அணுகுவதில்லை. சொற்கள் பல அவரிடம் முன்னரே உள்ளன.

ஆனால் அவை எந்த வடிவில் உள்ளன என்பதே வினா. தமிழ் பிறமொழிச் சொல்லைக் கடன்கொள்ளும்போது பெரிதும் பெயராகவே கொள்கிறது. வினையாக்கும் பொறுப்பைத் தன் துணைவினையிடம் ஒப்படைக்கிறது. ‘சர்வீஸ் போடு’, ‘ஸ்மாஷ் அடி’, ‘ரிட்டர்ன் எடு’, ‘பிரேக் பண்ணு’ என்பனவற்றில் காலமும் இடமும் காட்டுவன போடு, அடி, எடு, பண்ணு ஆகியவையே. இப்பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குள் செல்லும் மாணவர் ‘ஹி புட் சர்வீஸ்’ என்கிறார். இதனை அறியாமையால் நேர்ந்த பிழை எனக் கடிந்து ஒதுக்குதல் பொருந்தாது. தமிழின் சொல்லாக்க நெறியை அவர் பிசகாது பின்பற்றியுள்ளார். அந்நெறி ஆங்கிலத்தில் செல்லாது என்பதே அவர் அறியவேண்டியது.

ஆங்கில டென்னிஸ் சொற்களுள் பல, வடிவம் மாறாமலே பெயராகவும் வினையாகவும் நிற்கின்றன. வாலி, லாப், ஸ்மாஷ், ரிட்டர்ன், பிரேக் ஆகிய எல்லாம் அவ்வகையின. தமிழிலும் ‘அடி’, ‘வெட்டு’, ‘உதை’ போன்ற முதனிலைத் தொழிற்பெயர்கள் உண்டாதலின், இவ்வியல்பை ‘அடி விழுந்தது’, ‘பந்தை அடி’ என்னும் இணையால் எளிதில் விளக்கிவிடலாம். விலகி நிற்பது ‘சர்வீஸ்’ ஒன்றே. அதன் வினைவடிவம் ‘செர்வ்’. மாணவர் மிகுதியாகப் பயன்படுத்தும் சொல்லே இவ்வாறு விலகி நிற்பதால் பிழையும் மிகுதியாகிறது.

பொருளால் மயக்கும் சொற்கள் வேறொரு வகையின. அவற்றுள் முதன்மையானது ‘லெட்’. சர்வீஸ் பந்து வலையைத் தொட்டு உரிய கட்டத்தில் விழுந்தால் அது ‘லெட்’. மீண்டும் சர்வீஸ் செய்ய வேண்டும். ‘லெட்’ என்றால் அனுமதித்தல் என்றே பள்ளியில் பயின்ற மாணவருக்கு இது பொருந்தாததாகத் தோன்றும். எனவே அவர் காதில் விழுந்த ஒலியைப் பொருளுக்கு ஏற்பத் திருத்தி ‘நெட்’ என்று சொல்லிவிடுகிறார். டென்னிஸில் வழங்கும் ‘லெட்’ தடை என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல். பழைய ஆங்கிலத்தில் தனித்தனி வடிவங்களாக இருந்த இரு சொற்கள் ஒலிமாற்றத்தால் ஒன்றாகி, எதிரெதிர்ப் பொருளைத் தாங்கி நிற்கின்றன. இன்றைய பொதுவழக்கில் அப்பழம்பொருள் மறைந்துவிட்டது. எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்று இந்தியக் கடவுச்சீட்டு: அதனை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு வேண்டும் வாசகத்தில் அச்சொல் தடைப்பொருளிலேயே நிற்கிறது. வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லும் வீரர் அதனைத் தம் பையிலேயே சுமந்து செல்கிறார்.

‘லவ்’ என்பது சுழியைக் குறிப்பதற்குப் பிரெஞ்சு மொழியில் முட்டையைக் குறிக்கும் சொல்லே மூலம் எனப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கவர்ச்சியானது, சான்று வலிமையற்றது. பணயமின்றி அன்புக்காக ஆடுதல் என்னும் ஆங்கிலத் தொடர்வழியே அச்சொல் வந்தது என்பது ஏற்கத்தக்க விளக்கமாக உள்ளது. வகுப்பில் சுவைக்காகச் சொல்லப்படும் சொற்பிறப்புக் கதைகளை உண்மையெனச் சொல்லாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகு. தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்வும் இத்தகைய கதைகளால் பட்ட பாடு அறிஞர் அறியாததன்று.

‘ரிட்டயர்’ என்பது செய்தித்துறையையும் இடறச்செய்யும் சொல். நாளிதழ் வாசகருக்கு அது பணி ஓய்வு. ஆடுகளத்தில் காயத்தால் ஆட்டத்தின் இடையே விலகுதல் என்பதே அதன் பொருள். தொடங்கும் முன்னரே விலகினால் எதிராளிக்கு ‘வாக்ஓவர்’. நடத்தைக் கேட்டிற்காக வெளியேற்றப்பட்டால் ‘டிஃபால்ட்’. மூன்றிலும் தோல்வி ஒன்றே. காரணமும் மதிப்பும் வேறு. கால் பிசகிய வீரர் நடுவரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பது பதிவேட்டில் அவர் எவ்வாறு நிற்பார் என்பதோடு தொடர்புடையது.

கோட்டில், கட்டத்தில், வலையில்

ஆங்கில முன்னிடைச்சொற்கள் தமிழ் மாணவர்க்கு நெடுங்காலத் தொல்லை. ‘கட்டத்தில் விழுந்தது’, ‘கோட்டில் விழுந்தது’, ‘விம்பிள்டனில் ஆடினார்’ என்னும் மூன்றிலும் தமிழ் ‘இல்’ என்னும் ஒரே உருபைக் கொள்கிறது. ஆங்கிலமோ முறையே ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என மூன்றாகப் பிரிக்கிறது. ‘வலையில் பட்டது’ என்பதில் ஆங்கிலத்திற்கு முன்னிடைச்சொல்லே வேண்டா; ‘வலையில் அடித்தான்’ என்பதற்கு ‘இன்டு’ வேண்டும்.

இவ்வேறுபாட்டை விதியாகச் சொல்லிப் புரியவைத்தல் கடினம். ஆடுகளத்தில் காட்டிப் புரியவைத்தல் எளிது. ஆடுகளம் என்பது கோடுகளாலும் கட்டங்களாலும் ஆகிய வரைபடம். நீளம் 78 அடி. ஒற்றையர் அகலம் 27 அடி, இரட்டையர் அகலம் 36 அடி. வலையிலிருந்து 21 அடி தொலைவில் சர்வீஸ் கோடு. கோட்டுக்குப் பரப்பு, கட்டத்திற்குக் கொள்ளிடம், வலைக்கு உயரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. பந்தை ஒவ்வோர் இடத்திலும் வைத்து, அதற்குரிய சொல்லைச் சொல்லச் செய்தால் முன்னிடைச்சொல் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது.

இங்கு ஒரு விதி மொழியோடு பின்னிக் கிடக்கிறது. கோட்டைத் தொடும் பந்து, அக்கோட்டால் எல்லையிடப்பட்ட களத்தைத் தொட்டதாகவே கொள்ளப்படும். அதாவது ‘ஆன்’ என்றால் ‘இன்’. பந்து கோட்டின் மேல் விழுந்தது என மாணவர் சரியாகச் சொல்லிவிட்டால் புள்ளி யாருக்கு என்பதும் முடிந்துவிடுகிறது. ஓர் இடைச்சொல்லின் மேல் ஒரு புள்ளி நிற்பதைக் கண்ட மாணவர் அதன் பிறகு அச்சொல்லை அலட்சியமாக விடுவதில்லை.

தமிழ் மரபிலிருந்தும் ஒரு துணை கிடைக்கிறது. ஏழாம் வேற்றுமைப் பொருளை விரிக்கும் தொல்காப்பியம் மேல், கீழ், முன், பின், இடை, வலம், இடம் முதலான இடச்சொற்களை அதனோடு சேர்த்து எண்ணுகிறது. ‘இல்’ உருபால் தமிழ் மங்கலாக விடுவதை வேண்டுமிடத்து இச்சொற்களால் தெளிவாக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழுக்கு உண்டு என்பதை இது காட்டுகிறது. ‘கோட்டில்’ என்று நேரே ஆங்கிலத்திற்குள் தாவுவதைவிட, ‘கோட்டின் மேல்’, ‘கட்டத்திற்குள்’, ‘வலைக்கு அருகே’, ‘வலைக்கு மேலாக’ என முதலில் தமிழிலேயே விரித்துக்கொள்ளச் செய்தல் பயன்தரும் இடைப்படியாகும். தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்னும் கொள்கை இவ்விடத்தில் இழப்பையே தரும்.

விலக்குகளும் உள்ளன. ‘டவுன் தி லைன்’ என்பதில் ‘டவுன்’ கீழ் என்னும் பொருள் தருவதில்லை. பக்கக்கோட்டை ஒட்டி நேராக அடித்தல் என்பதே பொருள். இத்தகையவற்றைத் தொடராகவே பயிற்றிவிடுதல் போதும். ஒப்பீட்டு வடிவங்களுக்கு வலையே போதுமான கருவி: கம்பங்களில் மூன்றரை அடியும் நடுவில் மூன்று அடியும் உயரமுள்ள அதனை அளவுநாடாவால் அளந்து, எது உயரம், எது தாழ்வு எனச் சொல்லச் செய்யலாம்.

நிபந்தனை வாக்கியங்கள்

டென்னிஸ் விதிகள் பெரும்பாலும் நிபந்தனை வடிவில் அமைந்தவை. சர்வீஸ் பந்து வலையைத் தொட்டு உரிய கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’. தொட்டு வெளியே விழுந்தால் ‘ஃபால்ட்’. ஆட்டத்தின் நடுவே வலையைத் தொட்டு எதிர்க்களத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். தொல்காப்பிய வினையியல் கூறும் ‘செயின்’ என்னும் வாய்பாடும் இக்காலத் தமிழின் ‘செய்தால்’ வடிவமும் நிபந்தனையை வினையெச்சத்திற்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘இஃப்’ தனிச்சொல்லாக முன்வருகிறது. அதன்பின் காலத்தேர்வு வேண்டப்படுகிறது. ‘செய்தால்’ என்பதில் இறந்தகால இடைநிலை தோன்றுவதால், ‘பந்து வெளியே விழுந்தால்’ என்பதை மாணவர் இறந்தகால வினையோடு ஆங்கிலத்தில் சொல்லிவிடுவதுண்டு. விதியைச் சொல்லும் ஆங்கிலத்திற்கு நிகழ்காலமே வேண்டும்.

பயிற்றுநர் புள்ளி முடிந்தபின் ‘முன்னரே நகர்ந்திருந்தால் எட்டியிருப்பாய்’ என்கிறார். நடவாததை நினைக்கும் இவ்வடிவத்திற்குத் தமிழ் ‘இரு’ என்னும் துணைவினையை இருமுறை கொள்கிறது. ஆங்கிலம் ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ என இரு பக்கமும் துணைவினை கொள்கிறது. இரு மொழிகளும் இங்கு ஓரளவு ஒத்துச் செல்வதால், இலக்கண நூல்கள் மிகக் கடினமெனக் கடைசியில் வைக்கும் இவ்வடிவத்தைத் தமிழ் மாணவர்க்கு முன்னரே கற்பிக்கலாம். இழந்த புள்ளியைப் பற்றிப் பேச விரும்பாத ஆட்டக்காரர் இல்லை.

முறையீடும் பணிவும்

தமிழ் மாணவர் மூத்தவரிடம் பேசும்போது மதிப்பை வினைமுற்றிலும் பெயரிலும் வைக்கிறார். ‘சொல்லுங்கள்’ என்பதன் ‘உங்கள்’ அவருக்குப் பணிவின் முழுமை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஏவலுக்கு ஒரே வடிவம். பணிவு வேறிடத்தில் உள்ளது: ‘குட்’, ‘மே’ முதலிய துணைவினைகளிலும், ஏவலை வினாவாக மாற்றுவதிலும். ‘டெல் மி தி ஸ்கோர்’ என்று கேட்கும் மாணவர் உள்ளத்தில் ‘சொல்லுங்கள்’ என்றே கேட்கிறார். நடுவர் காதில் அது ‘சொல்’ என விழுகிறது. குறையை உணரும் மாணவர் தொடருக்குத் தொடர் ‘சார்’ சேர்த்து ஈடுசெய்ய முயல்வார். அது போதாது.

இதில் விளைவு சிறிதன்று. நடத்தை விதிமீறலுக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்துப் புள்ளி இழப்பு, அதற்கடுத்துக் கேம் இழப்பு எனத் தண்டனை ஏறிச்செல்கிறது. சொல்லால் இழிவுபடுத்துதலும் அவ்விதிக்கு உட்பட்டதே. மொழிக்குறையையும் அடாவடியையும் பிரித்தறிய நடுவருக்குப் போதிய நேரம் இருப்பதில்லை. ஐயத்தைக் கேட்கும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. அதைக் கேட்கும் வடிவம் தெரியாதவருக்கு அவ்வுரிமை பயன்படாமலே போகிறது. எனவே விளையாட்டு மாணவர்க்கான பாடத்தில் கலைச்சொற்களுக்கு முன்னர் வைக்கத்தக்கது முறையீட்டு மொழி.

1981ஆம் ஆண்டு விம்பிள்டனில் ஜான் மெக்கென்ரோ நடுவரை நோக்கிக் கூவிய ‘யூ கேனாட் பி சீரியஸ்’ என்னும் தொடர் உலகறிந்தது. பின்னாளில் அவர் தன்வரலாற்று நூலின் தலைப்பும் அதுவே. இத்தொடர் இலக்கணப் பாடமாகத் தகுந்தது. ‘கேனாட்’ என்பதை ‘முடியாது’ எனக் கொள்ளும் மாணவர் இதனைத் தமிழில் பெயர்க்க இயலாமல் திகைப்பார். இங்கு அச்சொல் ஆற்றலின்மையைக் குறிப்பதன்று; ‘அவ்வாறு இருக்கவியலாது’ என்னும் உய்த்துணர்வையே குறிக்கிறது. ‘விளையாட்டுக்குத்தானே சொல்கிறீர்’ என்பது அதற்கு நெருங்கிய தமிழ். மெக்கென்ரோவின் தொடரையும், அதே மறுப்பைப் பணிவோடு சொல்லும் வினாவையும் அருகருகே வைத்து, நடுவர் இடத்தில் ஒரு மாணவரை நிறுத்தி, இரண்டையும் கேட்டு முடிவு சொல்லச் செய்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

வருணனை மொழி

டென்னிஸ் ஆங்கிலத்தைத் தொலைக்காட்சி வருணனை வழியே கற்கலாம் என்பது பரவலான அறிவுரை. சென்னையில் பிறந்து, விம்பிள்டனில் 1973, 1981ஆம் ஆண்டுகளில் கால் இறுதி வரை சென்ற விஜய் அமிர்தராஜ் பின்னர் ஆங்கில வருணனையாளராகப் புகழ்பெற்றமை இம்மாணவர்க்கு ஊக்கமளிக்கும் முன்மாதிரி. எனினும் வருணனையைக் கேட்பதற்கும் அதைப் பேச்சுமாதிரியாகக் கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. இரட்டை வழக்கு பற்றிய 1959ஆம் ஆண்டுக் கட்டுரையால் தமிழாய்வாளர்க்கு அறிமுகமான சார்லஸ் ஃபெர்குசன், 1983இல் விளையாட்டு வருணனை மொழியின் தொடரியலைத் தனி வழக்காக ஆராய்ந்தார். எழுவாயும் துணைவினையும் தொகுதல், சொல்வரிசை தலைகீழாதல், பெயருக்கு நீண்ட அடை சேர்தல் முதலியன அவ்வழக்கின் இயல்புகள். காட்சி கண்முன் இருப்பதால் அங்குச் சொற்கள் விடுபடலாம். மருத்துவரிடமோ நேர்காணலிலோ அவ்வாறு விடுபட்டால் குறையாகும். வருணனையில் தொக்க சொற்களை மாணவரே நிரப்பி முழுத்தொடராக்கும் பயிற்சி இம்மொழியின் தக்க பயன்பாடு. தொகைநிலைத் தொடரை விரித்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இது அயலான பயிற்சியன்று.

கள வகுப்பின் நடைமுறை

ஜேம்ஸ் ஆஷர் 1960களில் முன்வைத்த உடல்வழி எதிர்வினை முறையில், ஆசிரியர் ஏவுவார். மாணவர் பேசாமல் செய்துகாட்டுவார். முழங்காலை மடக்கு, பந்தைப் பார், முன்னே வா என ஏவலே நிறைந்த டென்னிஸ் பயிற்சிக்கு இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது. தொடக்கத்திற்கு இது நன்று. அங்கேயே நின்றுவிட்டால் மாணவர் கேட்போராகவே எஞ்சுவார். சில வகுப்புகளுக்குள் இடம் மாறி, மாணவர் ஏவ ஆசிரியர் ஆட வேண்டும். தமிழில் ஆசிரியரை ஏவ நாவு கூசும் மாணவர், ஒருமை பன்மை வேறுபாடற்ற ஆங்கில ஏவலில் அக்கூச்சத்தை எளிதில் கடந்துவிடலாம்.

மொழி மிகுந்தால் ஆட்டம் கெடும் என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. திமோத்தி கால்வே 1974இல் எழுதிய டென்னிஸ் நூலின் மையக்கருத்தே, அறிவுரைச் சொற்கள் ஆட்டக்காரரின் இயல்பான இயக்கத்தைக் குலைக்கின்றன என்பதுதான். ஆனால் அவரே தந்த தீர்வும் ஒரு சொற்பயிற்சியாக இருப்பது வியப்புக்குரியது: பந்து தரையில் எழும்பும் கணத்தில் ‘பவுன்ஸ்’ என்றும், மட்டையில் படும் கணத்தில் ‘ஹிட்’ என்றும் ஆட்டக்காரர் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். நிகழ்வோடு இணைந்த சொல் கவனத்தைக் கூர்மையாக்குகிறது. நிகழ்வைப் பற்றிய நீண்ட உரை கவனத்தைச் சிதறடிக்கிறது. ஆகவே ஆட்டத்தின் போது ஓரசை, ஈரசைச் சொற்கள். புள்ளிகளுக்கு இடையே புள்ளி அறிவிப்பு. ஆட்டம் முடிந்தபின் முழு வாக்கியங்கள் என மொழியின் அளவைக் களநேரத்திற்கு ஏற்பப் பங்கிட வேண்டும். இலக்கண விளக்கம் ஆட்டத்தின் நடுவே வருதல் ஆகாது.

தேர்வும் களத்திலேயே அமையலாம். இரு மாணவர் நடுவரின்றி இரு கேம் ஆட, ஆசிரியர் பந்தடியை விடுத்துச் சொல்லை மட்டும் மதிப்பிடுவார்: ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னும் புள்ளி அறிவிக்கப்பட்டதா, வரிசை சரியா, ‘அவுட்’ உடனே சொல்லப்பட்டதா, புள்ளிநிலை ஐயம் இறந்தகால வினையால் தீர்க்கப்பட்டதா, வேண்டுகோள் உரிய துணைவினையோடு அமைந்ததா. அறிவிப்பு விடுபட்ட புள்ளி மீண்டும் ஆடப்படும். இப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டியதில்லை.

டென்னிஸ் பொருட்செலவு மிக்க ஆட்டம்; விளையாட்டு மாணவருள் பலர் கபடி, கைப்பந்து, தடகளம் ஆகியவற்றைச் சார்ந்தவர்கள்; அவர்க்கு இது எவ்வாறு பொருந்தும் என்னும் வினா நியாயமானது. மொழிப்பயிற்சிக்கு அளவான களமும் நரம்பு கட்டிய மட்டையும் வேண்டுவதில்லை. சுண்ணக்கோடு, கயிறு, ரப்பர் பந்து, பலகை மட்டை ஆகியவை போதும். கோடும் வலையும் அறிவிப்பும் இருந்தால் மொழி அங்கே இருக்கிறது. சர்வீஸ், வலை, கோடு, வெளி என்னும் சொற்றொகுதி கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் மேசைப்பந்துக்கும் பொது. கபடி மாணவர்க்கு மட்டும் ஒரு படி கூடுதலாக வேண்டும். டென்னிஸ் விதிகளில் பயின்ற நிபந்தனை வாக்கியங்களைக் கொண்டு, கபடியை ஒருமுறையும் கண்டிராத அயல்நாட்டவர்க்கு அதன் விதிகளை அவர் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். பாட்டு அறுந்தால் என்ன ஆகும், கோட்டைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும், பிடிபட்டவர் நடுக்கோட்டை எட்டிவிட்டால் என்ன ஆகும் என அடுக்கும்போது, கேட்பவர் அறியாததை அறிந்தவராக அவர் ஆங்கிலத்தில் முதன்முறை பேசுகிறார்.